கத்தி படாத கால்கள்

ஜப்பான் சண்டை தொடங்கிய பிறகு, மலாயாவுக்குப் போன அண்ணனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. அவன் உயிரோடு வந்து சேரும்வரை வாலிகண்டபுரத்தில் எங்கள் வீட்டில் யார்மேலும் கத்தி படாது என்று அம்மா சிறுவாச்சூர் அம்மனுக்கு வேண்டிக்கொண்டாள். வேண்டுதலுக்கு முடி வளர்ப்பது எங்கள் பக்கத்தில் வழக்கந்தான். எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாத அம்மா நகத்தையும் அதில் சேர்த்துவிட்டாள். நாங்கள் நகத்தைக் கல்லில் தேய்த்துக்கொண்டோம். அப்பா சடையும் தாடியுமாகப் பெரம்பலூர் போனபோது யாரோ சாமியார் என்று காலில் விழ, மனுஷர் எரிச்சலோடு வீடு திரும்பினார்.

அண்ணன் வளர்த்த பூனை ஒன்று இருந்தது. கிழடாகிவிட்டதால் மரத்தைப் பிறாண்டுவதை விட்டுவிட்டு, நெல் மூட்டைமேல் படுத்தே கிடக்கும். ஒருநாள் சாணி மெழுகிய ஈரத்தரையில் அதன் கால் தடத்தைப் பார்த்தேன். ஒவ்வொரு தடத்துக்கு முன்னாலும் சின்னக் கீறல்கள் இருந்தன. பூனை நகத்தை உள்ளிழுத்துக்கொண்டு அல்லவா நடக்கும்? பிடித்துப் பார்த்தேன். நகங்கள் தடித்து வளைந்திருந்தன. முன்னங்காலில் ஒன்று பாதச் சதையைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"அம்மா, நகம் சதையில குத்துது. நுனிய வெட்டிவுட்டுடலாம்மா."

"வாய மூடுடி. அது அவன் வளத்த புள்ள. அதுமேலயும் கத்தி படக்கூடாது."

சொல்லாத நாளில்லை. அவள் கேட்கவில்லை. நகம் சதைக்குள் இறங்கிப் பாதம் வீங்கியது. பூனை காலைத் தூக்கிக்கொண்டு நடந்தது. அம்மா கல்நெஞ்சக்காரி அல்ல. தினமும் அதை மடியில் போட்டு, அழுதுகொண்டே மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துப் பூசுவாள். அது துடிக்கும். அவளும் விடமாட்டாள். அந்த மடியைப் பார்க்கவே எனக்கு ஆத்திரமாக வரும்.

சண்டை முடிந்து அண்ணன் வந்தான். அரியலூரில் ரயிலை விட்டிறங்கி, எலும்பும் தோலுமாக வாசலில் நின்றான். அவன் குரல் கேட்டுப் பூனை நொண்டிக்கொண்டு வந்தது. குனிந்து தூக்கியவன் காலைப் பார்த்துவிட்டு எங்களைப் பார்த்தான். நான் விவரத்தைச் சொன்னேன்.

"நான் வரணும்னு இத நொண்ட வுட்டியாம்மா?"

கோயிலுக்குப் போய் முடி இறக்கும்வரைகூட அவன் காத்திருக்கவில்லை. அங்கேயே உட்கார்ந்து நகத்தை வெட்டி, உள்ளே இருந்த துண்டை எடுத்தான். அம்மா தடுக்கவில்லை.

புண் ஆறிவிட்டது. நொண்டல் மட்டும் போகவில்லை. அம்மா தன் பங்குப் பாலையெல்லாம் அதற்கே ஊற்றினாள். எங்களிடம் காலை நீட்டிப் படுக்கும் பூனை, அம்மா பக்கத்தில் வந்தால் மட்டும் நாலு காலையும் வயிற்றுக்கடியில் இழுத்துக்கொள்ளும். "இனிமே ஒண்ணும் செய்யமாட்டேன் சாமி" என்பாள் அம்மா. சாகும்வரை அது அவளை நம்பவில்லை.