துணைக்குப் போன பாண்டீஸ்வரி

ராசிங்காபுரத்தில் யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்றால் முதல் போன் பாண்டீஸ்வரிக்குத்தான் போகும். ஆம்புலன்சுக்கு அதற்கப்புறம். போடியோ தேனியோ மதுரையோ, ஆஸ்பத்திரிக்குக் கூடப் போய்க் கட்டிலடியில் பாயை விரித்துக் கிடப்பதற்கு அவளைப் போல ஆள் கிடையாது. எந்த டாக்டர் எப்போது வருவார், எந்த நர்சிடம் வாயைக் கொடுக்கக்கூடாது, எல்லாம் அத்துப்படி. ஊசிக்குப் பயப்படுகிறவர்களை அதட்டியே தைரியசாலி ஆக்கிவிடுவாள்.

நோயாளிக்கு உப்பில்லாத கஞ்சியை மல்லுக்கட்டிக் குடிக்க வைத்துவிட்டு நேரே கேண்டீனுக்குப் போவாள். "கூட இருக்கிறவளுக்குத் தெம்பு வேணும்ல" என்றபடி உளுந்த வடையைச் சட்னியில் முக்குவாள். ஊராருடைய வியாதிகளை முன்னிட்டு அவள் தின்ற வடையும் பஜ்ஜியும் கொஞ்சநஞ்சமல்ல.

பக்கத்துத் தெரு ஜக்கையனுக்கு இதய ரத்தக்குழாயில் அடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தபோதும் அவள்தான் துணை. அவருடைய பீடிக்கட்டைப் பிடுங்கி ஜன்னல் வழியாக எறிந்தாள். "இம்புட்டுக்காணு ஒயர உள்ள விடப்போறாங்க. அதுக்குப் போயி ஒரு ஆம்பள அழுவானா?" என்று வார்டே கேட்கும்படி அதட்டியதை அவர் மறக்கவில்லை.

போன ஆவணியில் ஜக்கையனை மறுபரிசோதனைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். மாடிப்படி பாதி ஏறியதும் நின்றுவிட்டாள். முகமெல்லாம் வேர்வை. தாடை வரைக்கும் ஏதோ இழுத்துப் பிடித்தது.

"பஸ்சுல காத்தே வரலண்ணே, அதான்" என்றாள்.

அவளை நன்றாகத் தெரிந்த நர்சு சுகன்யா விடவில்லை. "சும்மா ஒரு ஈசிஜி எடுத்துருவோம்க்கா, வாங்க" என்று கையைப் பிடித்து இழுத்துப் போனாள். தாளைப் பார்த்த டாக்டர், ஜக்கையனை ஓரமாக உட்காரச் சொல்லிவிட்டுப் பாண்டீஸ்வரியை அழைத்தார்.

"இன்னிக்கே அட்மிட் ஆயிருங்கம்மா. ஆஞ்சியோ பண்ணிப் பாப்போம். அடைப்பு இருந்தா அப்பவே ஸ்டென்ட் வச்சிரலாம்."

"சார், ஆள் மாறிப்போச்சு. பேஷண்டு இந்தா உக்காந்திருக்காரு. நான் கூட வந்தவ."

டாக்டர் சிரிக்கவில்லை. வீட்டில் சொல்லிவிட்டுக் காலையில் வருகிறேன் என்று சொல்லி, கொடுத்த மாத்திரைகளை வாங்கிப் பைக்குள் திணித்துக்கொண்டு நழுவினாள். "எங்க வீட்டுக்காரர்ட்ட நானே சொல்லிக்கிறேன்" என்று ஜக்கையன் வாயையும் அடைத்தாள்.

அவள் புருசன் முத்துப்பாண்டி போடியில் ஏலக்காய்க் கடையில் மூட்டை எடை போடுகிறவர். அதிகம் பேசமாட்டார். "தங்கச்சி கற்பகத்துக்குக் காச்சலாம். துணைக்குப் போறேன்" என்றாள் அவரிடம். அவள் யாருக்காவது துணைக்குப் போவது புதிதா என்ன? அவரும் தலையாட்டினார். விடிந்ததும் தோட்ட வேலைக்குப் போகிற பெண்களோடு ஜீப்பில் ஏறி, போடிமெட்டு தாண்டி, பூப்பாறைப் பக்கம் எஸ்டேட்டில் இருக்கிற தங்கச்சி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாள். போன் அணைந்திருந்தது.

கற்பகத்துக்கு ஒரு தும்மல்கூட இல்லை. அக்காவைக் கண்ட சந்தோசத்தில் கருவாட்டுக் குழம்பு வைத்தாள். வேகவைத்த கப்பைக் கிழங்கோடு அதை வழித்துத் தின்ற பாண்டீஸ்வரி, "மலைக்காத்து பட்டதும் எல்லாம் சரியாப்போச்சு" என்றாள். எது சரியாய்ப் போயிற்று என்று கற்பகத்துக்கு விளங்கவில்லை.

மறுநாள் தங்கச்சியோடு ஏலக்காய் எடுக்கக் கிளம்பினாள். சரிவில் கொஞ்சம்தான் ஏறியிருப்பாள். நெஞ்சில் மூட்டையைத் தூக்கி வைத்ததுபோல அழுத்தியது. இடது கை கடுத்தது. ஏலச்செடித் தூரில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"எந்தா சேச்சி, வய்யே?" என்று, உடம்புக்கு முடியலையா என மலையாளத்தில் கேட்டபடி சூப்பர்வைசர் ஓடிவந்தார்.

"ஒண்ணுமில்ல சாரே. கேஸ் ட்ரபிள்."

கற்பகம் அக்காவை மெல்ல வீட்டுக்குக் கூட்டிவந்து, மாற்றுச்சேலை எடுக்கப் பையைத் திறந்தாள். பிரிக்காத மாத்திரை அட்டைகள் வந்து விழுந்தன. உடனே மாமாவுக்குப் போன் போட்டாள். அந்நேரம், ஆஸ்பத்திரிக்கு வராதவளைத் தேடிக்கொண்டு ஜக்கையன் ஏலக்காய்க் கடை வாசலில் நின்று முத்துப்பாண்டியிடம் எல்லாவற்றையும் கொட்டிக்கொண்டிருந்தார்.

இரண்டு பேரும் ஒரு ஜீப்பைப் பிடித்து மலையேறி வந்தார்கள். முத்துப்பாண்டி ஒரு வார்த்தை திட்டவில்லை. அவள் சேலைகளை மடித்துப் பையில் வைத்தார். பேசுகிற சோலியை ஜக்கையன் எடுத்துக்கொண்டார்.

"இம்புட்டுக்காணு ஒயரு. அதுக்குப் போயி ஒரு பொம்பள மலையேறி ஒளிவாளா?"

"நான் உங்ககிட்டச் சொன்னது வேறண்ணே."

"என்ன வேற?"

"அது உங்க நெஞ்சு. இது என் நெஞ்சு."

கற்பகம் சிரித்துவிட்டாள். ஆனால் பாண்டீஸ்வரியின் கண் கலங்கியிருந்தது.

"பயமா இருக்குண்ணே. எத்தன பேர உள்ள அனுப்பிருக்கேன். கதவுக்கு அங்கிட்டு என்ன செய்வாகன்னு எனக்குத் தெரியாதுல்ல. நான் வெளிய பெஞ்சுலதான உக்காந்திருப்பேன்."

ஜக்கையனின் கேலி அதோடு நின்றுபோனது. "எனக்குத் தெரியும்த்தா. சொல்லிக்கிட்டே வர்றேன், வா" என்றார்.

கொண்டை ஊசி வளைவுகளில் ஜீப்பு இறங்க இறங்க அவர் சொல்லிக்கொண்டே வந்தார். உள்ளே குளிரும், போர்வை கேள். மணிக்கட்டில் ஒரு ஊசி, அதுதான் வலி. மருந்து போகும்போது உடம்பு திடீரென்று சுடும், பயப்படாதே. டாக்டர்கள் பாட்டுக்குக் கிரிக்கெட் பேசுவார்கள்.

எல்லாம் அவர் சொன்னபடிதான் இருந்தது. டாக்டர்கள் மட்டும் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசினார்கள். ஒரு குழாயில் பெரிய அடைப்பு. மணிக்கட்டு வழியாகவே ஸ்டென்ட் வைத்தார்கள். "முடிஞ்சிருச்சா சார்? இதுக்கா மலைக்கு ஓடுனேன்?" என்றாள்.

வெளியே முத்துப்பாண்டி எந்தக் கதவில் நிற்பது, எங்கே மாத்திரை வாங்குவது என்று புரியாமல் முழித்துக்கொண்டிருந்தார். ஸ்ட்ரெச்சரில் படுத்தபடியே அவருக்கு அவள் வழி சொன்னாள்.

வீட்டுக்கு வந்ததும்தான் நிஜமான போராட்டம். அடுப்படியை முத்துப்பாண்டி எடுத்துக்கொண்டார். அவர் சமையலில் எண்ணெயும் குறைவு, உப்பும் குறைவு, ருசியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். "இதுக்கு ஆஸ்பத்திரிக் கஞ்சியே தேவல" என்று அழாக்குறையாகத் தின்பாள். அரிசி டப்பாவுக்குள் புதைத்திருந்த எலுமிச்சை ஊறுகாய்ப் பாட்டிலை அவர் கண்டெடுத்த அன்று வீட்டில் பேச்சுவார்த்தை நின்றது. மாத்திரையை மட்டும் ஒருவேளைகூட விடவில்லை. பிரிக்காத அட்டைகளோடு மலைக்கு ஓடியவளாயிற்றே, அந்த விசயத்தில் அவளுக்கே அவள்மேல் பயம்.

விடியற்காலையில் ஜக்கையன் வந்து வாசலில் நின்று குரல் கொடுப்பார். முதலில் தெருமுனை வரைக்கும் நடந்தார்கள். பிறகு சிலமலை ரோட்டில், தென்னந்தோப்புகளை ஒட்டி. அவர் வேகமாக நடக்கிறார் என்று இவள் சண்டை போடுவாள். இவள் நின்று நின்று ஊர்க்கதை பேசுகிறாள் என்று அவர் முனகுவார். தை பிறப்பதற்குள் அந்தச் சண்டையில் இன்னும் நாலைந்து பேர் சேர்ந்துகொண்டார்கள். அவளால் மூச்சு வாங்காமல் மாடிப்படி ஏற முடிந்தது. முத்துப்பாண்டியின் சமையலும் தேறியது, அல்லது அவள் நாக்கு இறங்கிவந்தது.

மாசியில் பரிசோதனைக்குப் போனார்கள். டாக்டருக்குத் திருப்தி. "நல்லா இருக்கீங்க. மாத்திரைய நிறுத்திராதீங்க, நடைய விட்றாதீங்க" என்றார்.

"ஊறுகா சார்?"

"ஆசைக்கு என்னிக்காவது நாக்குல தொட்டுக்கங்க."

வெளியே வந்ததும் புருசனிடம் முகத்தைக் கெத்தாக வைத்துக்கொண்டு சொன்னாள்: "தினமும் கொஞ்சம் ஊறுகா சேத்துக்கிறச் சொல்லிட்டாரு."

டாக்டர் அறைத் திரைக்கு இந்தப் பக்கம் நின்று முழுவதையும் கேட்டிருந்த முத்துப்பாண்டி, "அப்படியா" என்றார். பிறகு அவளைக் கூட்டிக்கொண்டு பஸ்சுக்கு நடந்தார்.