இழுப்பறையில் கிடந்த ஏழு சீட்டுகள்

என் தம்பி ஆண்டவரிடம் சென்று இன்றோடு ஓராண்டு நிறைகிறது. திருப்பலிக்கும் கல்லறை மந்திரிப்புக்கும் வந்திருக்கும் உறவினர்களையும், சரக்குத் தளத்து நண்பர்களையும் குடும்பத்தின் சார்பில் வணங்குகிறேன். தம்பியின் மனைவி ஸ்டெல்லா கேட்டுக்கொண்டபடி இந்த நினைவு மலரில் இதை எழுதுகிறேன். உயிரோடு இருந்தவரை தம்பியை நான் 'டா' போட்டுத்தான் கூப்பிட்டேன். இங்கே 'அவர்' என்று எழுதுகிறேன். அந்த மரியாதைக்கு அவர் தகுதியானவர்.

தம்பி ஆவடியில் தொழிற்சாலைக் குடியிருப்பில் பிறந்தார். எனக்கு ஆறு வயது இளையவர். அப்பா பணியில் இருக்கும்போதே இறந்ததால் குடியிருப்பைக் காலி செய்துவிட்டு அண்ணனூர்ப் பக்கம் ஓர் ஓட்டு வீட்டுக்கு வந்தோம். நான் அப்போது கல்லூரியில் இருந்தேன். தம்பி பத்தாவதோடு நின்றார். "நீ படி ண்ணா. எனக்கு எப்படியும் கணக்கு வராது" என்றார். அவருக்குக் கணக்கு நன்றாகவே வரும். பிற்காலத்தில் சரக்கு ரயில் உள்ளே நுழையும்போதே பெட்டிகளை எண்ணி, இத்தனை பேர் இத்தனை மணிக்குள் இறக்கிவிடுவார்கள் என்று நின்ற இடத்திலிருந்தே சொல்வார். அது தப்பியதில்லை.

ஆவடிக்கு மேற்கே ஒரு தனியார் ரயில் நிறுவனத்தின் சரக்குத் தளத்தில் சிமென்ட் மூட்டை இறக்கும் வேலைக்குச் சேர்ந்து, அந்தக் கூட்டத்துக்கே மேஸ்திரி ஆனார். பல அலுவலகங்கள் மாறி நானும் அதே நிறுவனத்துக்குச் சமூகப்பணிப் பிரிவின் பொறுப்பாளராக வந்து சேர்ந்தேன். அவர் வெயிலில் நின்றார். நான் கண்ணாடி அறையில் இருந்தேன்.

நிறுவனம் இந்த வட்டாரத்துக்கு என்ன செய்தது என்று ஆண்டுதோறும் ஒரு புத்தகம் வெளியிடுவோம். அதை எழுதியவன் நான். அம்பத்தூரிலும் பூந்தமல்லியிலும் எழும்பிய அடுக்குமாடிகளுக்கும், மெட்ரோ தூண்களுக்கும் எங்கள் ரயிலில் வந்த சிமென்ட் போனது. ஒரு ரயில் வந்தால் அத்தனை லாரிகள் சாலைக்கு வராது. அத்தனை புகை குறையும். ஏரியைத் தூர்வாரினோம். பள்ளிக்குப் பெஞ்சுகள் கொடுத்தோம். பெண்களுக்குத் தையல் கற்றுக்கொடுத்தோம். தளத்தை நம்பி டீக்கடை முதல் டயர்க்கடை வரை பிழைத்தன. நான் எழுதியவற்றில் இவை எதுவும் பொய்யில்லை. இத்தனை உண்மைகளுக்கு நடுவே ஒரு பொய்யை வைத்தால் யாருக்கும் தெரியாது என்பதையும் அந்த வேலையில்தான் கற்றுக்கொண்டேன்.

ரயில் வந்து நின்றால் குறித்த நேரத்துக்குள் காலி செய்தாக வேண்டும். முகத்தில் ஈரத்துண்டைக் கட்டிக்கொண்டு பெட்டிக்குள் ஏறுவார்கள். வெளியே வரும்போது கண் இமைகூட சாம்பல் நிறத்தில் இருக்கும். வேலை முடிந்ததும் ஆளுக்கு ஒரு கட்டி வெல்லமும் ஒரு வாழைப்பழமும் நிறுவனம் கொடுக்கும். வெல்லம் தொண்டையில் இறங்கினால் தூசியும் இறங்கிவிடும் என்று தளத்தில் எல்லோரும் நம்பினார்கள். வயிற்றுக்குப் போகும் வெல்லம் நுரையீரலில் இருக்கும் தூசியை ஒன்றும் செய்யாது என்பது படித்த எனக்குத் தெரியும். முகக்கவசம் கேட்டு மேலிடத்துக்கு எழுதியிருக்கலாம். அதற்குப் பதிலாக அந்த வெல்லத்தையே 'தொழிலாளர் ஊட்டச்சத்துத் திட்டம்' என்று புத்தகத்தில் எழுதினேன். வெல்லக்கட்டியோடு சிரிக்கும் தம்பியின் படம்தான் அந்த ஆண்டு அட்டைப்படம்.

தளத்தில் சரக்கு இறக்க மூன்றாவது தண்டவாளம் போட அனுமதி கேட்டிருந்த நேரம் அது. மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது. அதற்குச் சில நாள் முன்பு, நாங்கள் நடத்திய மருத்துவ முகாமின் எக்ஸ்ரே முடிவுகள் என் மேசைக்கு வந்தன. ஏழு சீட்டுகள் தனியாகக் கட்டப்பட்டிருந்தன. நுரையீரலில் நிழல் இருக்கிறது, தூசி வேலையை உடனே நிறுத்த வேண்டும், நெஞ்சு நோய் மருத்துவரைத் தாமதமின்றிப் பார்க்க வேண்டும் என்று ஒவ்வொன்றிலும் எழுதியிருந்தது. முதல் சீட்டு தம்பியுடையது. மற்ற ஆறும் அவர் கூட்டத்து ஆட்களுடையவை.

ஏழையும் இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். கருத்துக்கேட்பு முடியட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஓய்வு வயதைத் தாண்டிய என்னை நிறுவனம் அந்த அனுமதிக்காகவே வேலையில் வைத்திருந்தது. அன்று மாலை பூந்தமல்லிக் கடைத்தெருவில் நல்ல வெல்லமாகப் பார்த்து இரண்டு கிலோ வாங்கிக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போனேன்.

"இன்னாண்ணா, அதிசயமா கீது! கையில இன்னா?" என்றார்.

"உனக்குத்தான். இருமுகிறாயே."

"ஸ்டெல்லா, பாரு. ஆபீசரே ஊட்டாண்ட வெல்லம் எடுத்துகினு வந்துகீறாரு."

கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. தளத்துக்கு எதிர்த் தெருவில் குடியிருக்கும் ஓர் அம்மா எழுந்து, "கொடியில துணி போட்டா சாம்பலா பூடுது. உள்ள வேலை செய்றவன் நெஞ்சு இன்னா ஆவும்? யாராவது சொல்லுங்க" என்றார். நான் தம்பியைப் பார்த்தேன். பேசுவதற்கு அவரை ஏற்பாடு செய்திருந்ததே நான்தான்.

தம்பி மைக்கை வாங்கினார். "யக்கா, இருபத்தெட்டு வருசமா இந்தத் தூசியிலதான் கீறேன். செத்தா பூட்டேன்? நம்ம ஏரியாவுல பாதி ஊட்டுல அடுப்பு எரியறது இந்த ரயிலாலதான். வருசா வருசம் எக்ஸ்ரே எடுக்கறாங்கோ. எதுனா இருந்தா எங்கண்ணன் சொல்லமாட்டாரா? தோ, மேடையில குந்திகினு கீறாரு பாரு."

எல்லோரும் கை தட்டினார்கள். நான் மேடையில் இருந்தபடி தலையசைத்தேன்.

அனுமதி கிடைத்தது. மழைக்காலம் முழுக்கத் தம்பி அதே தூசியில் நின்றார். பொங்கல் கழிந்து, அவரால் பெட்டிக்குள் ஏற முடியாமல் போன பிறகுதான் அவருடைய சீட்டை மட்டும் எடுத்துப் போனேன். அவர் அதை இரண்டு முறை படித்தார்.

"ண்ணா, இதுல தேதி மழைக்கு முன்னாடி போட்டுகீது."

"ஆமாம்."

"மண்டபத்துல நான் பேசுனப்போ உன்னாண்ட இருந்துச்சா?"

"இருந்தது."

அவர் திட்டவில்லை. சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "எனக்கு மட்டுந்தானா? பசங்களுக்கு?" என்று கேட்டார்.

அந்த நிமிடத்தில்கூட நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். "உனக்கு மட்டும்தான்" என்றேன்.

"அப்பாடா. பசங்க தப்பிச்சானுங்க" என்றவர், உள்ளே பார்த்து, "ஸ்டெல்லா, அண்ணனுக்கு டீ போடு" என்றார்.

அதன் பிறகு ஏழு மாதம் இருந்தார். படுக்க முடியாது, மேசையில் தலையணையை வைத்து அதில் முகம் புதைத்து உட்கார்ந்தபடியே தூங்குவார். ஆக்சிஜன் குழாயோடுதான் நற்கருணை வாங்கினார். கடைசியாக நான் பார்த்தபோதும், "பசங்க நல்லாகீறானுங்களா?" என்றே கேட்டார். நல்லா இருக்கிறார்கள் என்றேன். அந்த நிம்மதியோடு இறந்தார். அது நான் கொடுத்த நிம்மதி.

அவர் அடக்கம் முடிந்த மூன்றாம் மாதம் அந்த ஆறு பேரில் இளையவர் மாடிப்படியில் விழுந்து இறந்தார். மாரடைப்பு என்றார்கள். நான் மாலை வாங்கிப் போட்டுவிட்டு வந்தேன். அப்போதும் வாய் திறக்கவில்லை.

இந்த மலருக்கு நான் முதலில் எழுதிக் கொடுத்தது வேறு கட்டுரை. உழைப்பு, எளிமை, தியாகம் எல்லாம் அதில் இருந்தன. ஸ்டெல்லா படித்துவிட்டு, "நல்லாத்தான் கீது மாமா. உங்க கம்பெனி புக்கு மாதிரியே கீது" என்றார். அங்கேயே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அழவில்லை. "நான் போய் அஞ்சு பேராண்ட சொன்னா, புருசன் போன துக்கத்துல உளர்றான்னுவாங்க. நீங்க எழுதுனா நம்புவாங்க. எப்பவும் அப்படித்தானே நம்புனாங்க? எழுதுங்க. எழுதிட்டு, இனிமே இந்த ஊட்டு வாசப்படி ஏறாதீங்க" என்றார்.

எழுதிவிட்டேன். நிறுவனத்துக்கும் அரசுக்கும் இதையே கையெழுத்திட்டு அனுப்பியிருக்கிறேன். எங்கே கூப்பிட்டாலும் சாட்சி சொல்வேன்.

தம்பியைத் தூக்கி உட்கார வைத்த பக்கத்து வீட்டாருக்கும், சிலிண்டரைத் தோளில் சுமந்து வந்த தளத்து நண்பர்களுக்கும், வீட்டுக்கே வந்து ஊசி போட்ட செவிலியருக்கும், வாரந்தோறும் நற்கருணை கொண்டுவந்த பங்குத்தந்தைக்கும் எங்கள் குடும்பம் நன்றிக்கடன் பட்டிருக்கிறது. எனக்கு யாரும் ஆறுதல் சொல்ல வேண்டாம்.

உயிரோடு இருக்கும் ஐந்து பேரின் பெயர்களை இங்கே அச்சிடவில்லை. அவர்கள் நோயை ஊருக்குச் சொல்லும் உரிமை எனக்கில்லை. அவர்கள் கைக்கு வரும் இந்த மலரின் ஐந்து பிரதிகளுக்குள்ளும், இறந்த இளையவரின் மனைவிக்குரிய பிரதிக்குள்ளும் ஒரு வெள்ளை உறை வைத்திருக்கிறேன். அதில் முகாம் சீட்டு இருக்கிறது. நாளைக் காலை எட்டு மணிக்குக் கோயில் வாசலில் ஒரு வேன் நிற்கும். நெஞ்சு மருத்துவமனையில் பேசி வைத்திருக்கிறேன். நான் அந்த வேனில் வரமாட்டேன். என் முகத்தைப் பார்க்க விரும்பாமல் யாரும் ஏறாமல் இருந்துவிடக் கூடாது.

உங்கள் பிரதியில் உறை இருந்தால், திருப்பலி முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். இப்போதே திறந்து படியுங்கள்.