பாரம் ஏறிய கல்

எங்கள் வீட்டு முற்றத்துக் கல்லுக்கு இப்போது தகரக் கூரை போட்டாயிற்று. போன வருடம் யாரோ ஒரு புண்ணியவான் நேர்த்திக்கடனுக்காக அதைச் சுற்றி வெள்ளை டைல்ஸும் பதித்துவிட்டுப் போனார். செவ்வாய்க்கிழமைகளில் கொட்டாஞ்சேனையிலிருந்தும் அதற்கப்பாலிருந்தும் எங்கள் முகத்துவாரத்துக்கு ஆட்கள் வருகிறார்கள். மெழுகுதிரி ஏற்றுகிறார்கள், கல்லில் நெற்றியை வைக்கிறார்கள், அதில் கறுப்பாகப் பதிந்திருக்கிற இரண்டு கைத்தடங்களைத் தொட்டு முத்தமிடுகிறார்கள். அவை அந்தோனியாரின் கைகளாம். நான் வாயைத் திறப்பதில்லை. அந்தக் கைகளுக்கு உரியவர் சின்ன வயதில் என்னை ஒற்றைக் கையால் தூக்கி மதிலில் உட்கார வைத்தவர் என்று சொன்னால், வந்தவர்கள் என்னைத்தான் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள்.

அவர் என் மாமா, அம்மாவின் ஒரே தம்பி. துறைமுகத்தில் வேலை. எங்கள் வீட்டுப் பின்னறையில்தான் இருந்தார். முச்சக்கர வண்டியில் அவர் ஏறினால் வண்டி ஒரு பக்கம் சாய்ந்துதான் போகும். அவர் காலையில் தின்கிற முட்டைகளைப் பார்த்து, கோழிப்பண்ணைக்காரன் ஒருவனைத்தான் மச்சானாக எடுத்திருக்க வேண்டும் என்று அப்பா சலித்துக்கொள்வார். ஆனால் அந்த உடம்பில் எங்கள் எல்லோருக்கும் பெருமை இருந்தது. நாட்டின் பலசாலி யார் என்று பார்க்கிற போட்டிக்கு மாமா தெரிவாகியிருந்தார்.

அதற்கு முந்திய வருடமும் போனவர்தான். கயிறு கட்டி லொறி இழுத்தார், ஆளுயர டயரைப் புரட்டினார், மரக்கட்டையைத் தலைக்கு மேலே தூக்கினார். கடைசியில் உருண்டைக் கல். அதைக் குனிந்து கட்டிப்பிடித்து, மடியில் ஏற்றி, நெஞ்சோடு நிமிர்த்தி, நெஞ்சளவு உயரத்தில் இருக்கிற பீப்பாய் மேல் வைக்க வேண்டும். மாமாவின் கல் நெஞ்சு வரைக்கும் வந்து வழுகிக் கீழே விழுந்தது. அதைத் தொலைக்காட்சியிலும் காட்டினார்கள். தெருவில் ஒருவரும் அவரிடம் அதைப் பற்றிக் கதைக்கவில்லை, அதுதான் அவரை இன்னும் சுட்டது. இந்த முறை விட்டால் இனி இல்லை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். கல்யாணப் பேச்சைக்கூடப் போட்டி முடியட்டும் என்று தள்ளி வைத்தார்.

கல்லை அவரே வார்த்தார். கொங்கிரீட்டுக்கு மணல் அள்ளியது களனி ஆறு கடலில் விழுகிற இடத்தில். அம்மாவுக்கு அது பிடிக்கவே இல்லை. மேலே எங்கெங்கோ ஆற்றில் விழுந்து செத்தவர்களும் கடைசியில் அந்த மணலில்தான் வந்து ஒதுங்குவார்கள், அதைக் கொண்டுவந்து வீட்டு முற்றத்தில் குழைப்பதா என்று பிடித்த பிடியிலேயே நின்றார். மாமா சிரித்துக்கொண்டு தன் கழுத்துச் சங்கிலியிலிருந்த அந்தோனியார் பதக்கத்தைக் கழற்றி ஈரக் கொங்கிரீட்டுக்குள் போட்டார்.

"இனிப் பயமில்லைதானே, அக்கா" என்றார். அம்மா சமாதானமாகிவிட்டார். எல்லாம் அந்தப் பதக்கத்தில்தான் தொடங்கியது.

வேலை முடிந்து வந்ததும் பயிற்சி. கல் வழுகாமலிருக்கக் கைகளில் கறுப்பாக ஒரு பிசின் பூசிக்கொள்வார். எப்போதும் ஒரே இடத்தில் பிடிப்பதால் அந்தப் பிசின் கல்லில் இரண்டு உள்ளங்கைகளாக ஊறிப்போயிற்று. நான் மதிலில் உட்கார்ந்து பார்ப்பேன். கல் பீப்பாயில் இறங்கும்போது தொம் என்று ஒரு சத்தம் வரும். குசினியில் தட்டுகள் கலகலக்கும். அம்மா உள்ளிருந்தே "மெல்ல, தம்பி" என்பார். எங்கள் வீட்டின் பின்னேரம் என்றால் அந்தச் சத்தம்தான்.

குளித்துவிட்டு வந்தால் சாப்பாட்டு மேசையில் எனக்கும் அவருக்கும் கை மடக்குகிற போட்டி. ஒரு நாளும் நான் தோற்றதில்லை. கண்ணை உருட்டுவார், மூச்சிரைப்பார், கை மேசையில் விழுந்ததும் கதிரையோடு சரிந்து நிலத்தில் கிடப்பார். நடிப்பு என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே வெல்வதில் ஒரு தனி ருசி இருக்கிறது.

ஒரு நாள் மழைத்தூறலில் கல் முழங்காலுக்கு வந்து அப்படியே திரும்பி இறங்கியது. பிசின் சரியில்லை என்றார். பிறகு சப்பாத்து சரியில்லை. பிறகு நித்திரை போதவில்லை. தட்டுகள் கலகலப்பது நின்றுபோயிற்று. அம்மா அடுப்படியில் அகப்பையோடு அந்தச் சத்தத்துக்காகக் காத்து நிற்பதை நான் கண்டிருக்கிறேன். வெளியே மாமா மூச்சு வாங்குவது மட்டும் கேட்கும். பொழுதுபடுகிற நேரத்தில் கல் எனக்கு முன்னையை விடப் பெரிதாகத் தெரிந்தது. ஈரக்காற்று அடித்தால் அதற்கு வியர்த்தது. அந்தப் பக்கமாகப் பின்வளவுக்குப் போவதை நான் விட்டுவிட்டேன்.

அந்த நாட்களில்தான் அதைப் பார்த்தேன். மாமா தூக்க முடியாமல் கல்லின் மேலேயே களைத்துப்போய் உட்கார்ந்திருந்தார். கையை ஆட்டவில்லை, அசைக்கவில்லை. ஆனாலும் அவருடைய மேற்கையில் தோலுக்கு அடியில் ஏதோ ஊர்ந்தது. ஒரு இடத்தில் துடித்தது, நின்றது, கொஞ்சம் மேலே போய்த் துடித்தது, பிறகு தோளில். நான் மதிலிலிருந்து இறங்கி வந்து விரலை வைத்தேன். விரலுக்குக் கீழே அது துள்ளியது. விரலை எடுத்ததும் வேறு இடத்துக்கு ஓடியது. மாமாவும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், வேறு யாருடைய கையையோ பார்ப்பது போல.

"களைப்பு, மகள்" என்றார்.

களைப்பு எங்கேயாவது ஊருமா? நேரே அம்மாவிடம் ஓடி, கல்லுக்குள்ளே இருந்தது மாமாவுக்குள்ளே போய்விட்டது என்று சொன்னேன். அம்மா என்னை அதட்டவில்லை. சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். அவருக்கு அப்போதுதான் பதக்கம் நினைவுக்கு வந்தது.

எங்கள் கோயில்களைச் சுற்றி வளர்ந்த எந்தப் பிள்ளைக்கும் தெரிந்த கதை ஒன்று உண்டு. ஒரு புனிதரின் சுரூபத்தை வண்டியில் ஏற்றி வேறு ஊருக்குக் கொண்டு போவார்கள். ஓரிடத்தில் அது திடீரென்று கனத்துவிடும். மாடுகள் முழந்தாளிடும், எத்தனை பேர் பிடித்தாலும் அசையாது. புனிதருக்கு அங்கேயே இருக்கத்தான் விருப்பம் என்று விளங்கிக்கொண்டு அந்த இடத்திலேயே கோயில் கட்டுவார்கள். அம்மாவுக்குச் சந்தேகமே இருக்கவில்லை. அந்தோனியார் கல்லுக்குள் இருக்கிறார், கல்லுக்குப் பாரம் ஏற்றி மாமாவைப் போட்டிக்குப் போகவிடாமல் மறிக்கிறார், போனால் ஏதோ ஆபத்து இருக்கிறது.

அம்மா மீன்கடையில் ஒரேயொரு பெண்ணிடம்தான் சொன்னாராம். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? அடுத்த செவ்வாய்க்கிழமை முற்றத்தில் மெழுகுதிரிகள் எரிந்தன. துறைமுகத்து ஆட்கள் சிலர் வந்து கல்லைத் தூக்கிப் பார்த்தார்கள். ஒருவராலும் அசைக்க முடியவில்லை. அவர்களால் அதை எந்தக் காலத்திலும் அசைத்திருக்க முடியாது என்பது யாருக்கும் தோன்றவில்லை. முடியாமல் போன ஒவ்வொருவரும் ஒரு சாட்சியாகிப் போனார். அந்தக் கைத்தடங்களைக் கண்ட ஒரு கிழவி முழந்தாளிட்டு அழுதாள். அவளிடம் மாமா ஏதோ சொல்ல வாயெடுத்தார், அம்மா கண்ணால் தடுத்துவிட்டார்.

போட்டி நெருங்கிக்கொண்டிருந்தது. மாமா வேலையால் வந்து, மெழுகுதிரிகளை ஒவ்வொன்றாக எடுத்து ஓரமாக வைத்து, உருகி ஒட்டின மெழுகைச் சுரண்டி, கையில் பிசின் பூசிக்கொண்டு குனிவார். பின்னால் பெண்கள் நின்று செபமாலை சொல்வார்கள். கழுத்து நரம்பு புடைக்கும், கால்கள் நடுங்கும். கல் நிலத்தைவிட்டு எழும்பாது. அவர் கையை எடுக்கிற நேரம் பார்த்து "ஆமென்" என்று ஒரு சத்தம் எழும். ஒரு ஆள் தோற்பதற்காக அத்தனை பேர் அத்தனை பக்தியோடு செபிப்பதை நான் பிறகு எங்கும் பார்த்ததில்லை.

அப்பாவுக்குக் கோயில் என்றால் பெருநாளும் சவ அடக்கமும் மட்டும்தான். அவர் இதையெல்லாம் பேப்பரால் முகத்தை மறைத்துக்கொண்டு பார்த்திருந்தார். ஒரு நாள் சோறு தின்கிறபோது மாமாவின் கையிலிருந்து தண்ணீர்க் கிளாஸ் விழுந்தது. முதல் நாளும் விழுந்திருந்தது.

"பேய்க்கும் பார் நோய்க்கும் பார் எண்டு சொல்லுவினம்" என்றார் அப்பா.

"இது பேயில்லை, புனிதர்" என்றார் அம்மா.

"அப்ப புனிதரை ஒருக்கா நிறுத்துப் பாப்பம், மச்சான்."

தெமட்டகொடையில் ஒரு பழைய இரும்புக்கடை இருந்தது. கல் காய்ந்த புதிதில் மாமா அதை அங்கே கொண்டுபோய்த்தான் நிறுத்தார். சின்ன லொறி ஒன்று பிடித்து, பலகை சாய்த்து, அப்பாவும் சிநேகிதர்களுமாகக் கல்லை உருட்டி ஏற்றினார்கள். நான் அழுது அடம்பிடித்து முன்சீட்டில் ஏறிக்கொண்டேன். பின்னால் கல் பலகையில் இடித்துக்கொண்டே வந்தது. யாரோ கதவைத் தட்டுகிறார்கள் என்று நான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

கடைக்காரருக்கு மாமாவை நினைவிருந்தது. இரும்புத் தட்டுத் தராசில் கல்லை உருட்டிவிட்டு, இலக்கத்தைப் பார்த்து, சிங்களத்தில் "எகசிய விஸ்ஸய்" என்றார். நூற்றிருபது. வார்த்த காலத்தில் இருந்த அதே நிறை, ஒரு கிலோ கூடவில்லை.

மாமா மறுபடி பார்க்கச் சொன்னார். கல்லை இறக்கித் தராசைத் துடைத்துவிட்டு மறுபடி ஏற்றினார்கள். "எகசிய விஸ்ஸய், மல்லி. வெனசக் நே" என்றார் கடைக்காரர், வித்தியாசமில்லை தம்பி என்று. மூன்றாவது தரம் கேட்கிறாரோ என்று மாமாவின் முகத்தைப் பார்த்தேன். அவர் தராசைப் பார்க்கவில்லை. அப்பாவும் தராசைப் பார்க்கவில்லை. இரண்டு பேரும் மாமாவின் கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

எனக்கோ திகில் பிடித்துவிட்டது. வீட்டில் அத்தனை பாரமாக இருந்துவிட்டுத் தராசில் ஏறியதும் அப்பாவி மாதிரி நூற்றிருபது காட்டுகிற கல் எவ்வளவு கள்ளக் கல்லாக இருக்க வேண்டும். ஏமாந்துபோன கடைக்காரரை நினைத்து எனக்குப் பாவமாகவும் இருந்தது. திரும்பி வரும்போது மாமா எனக்குப் பக்கத்தில் இருந்தார், இரண்டு கைகளையும் மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டு.

அம்மா வாசலிலேயே கேட்டுவிட்டுச் சொன்னார்: "தராசுக்குத் தெரியுமா அந்தோனியாரை." அப்பா அம்மாவோடு வாதாடாமல் விட்ட முதல் நாள் அது.

அடுத்த கிழமை அப்பாவும் மாமாவும் விடியவே எங்கோ போய்ப் பின்னேரம்தான் வந்தார்கள். போட்டி நடக்கிற இடத்தைப் பார்க்கப் போனதாக நான் நினைத்தேன். பெரியாஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார்கள். தசைகளை ஒவ்வொன்றாகச் செயலிழக்க வைக்கிற ஒரு நரம்பு வியாதி, மருந்து கிடையாது. அதன் பெயரைப் பெரிய பிள்ளையான பிறகுதான் நான் கேள்விப்பட்டேன். தோலுக்கு அடியில் ஊருவதும் அந்த வியாதியின் அடையாளம்தானாம். முதலே போயிருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று டொக்டர் சொன்னாராம். அதை நம்பித்தான் அம்மாவை மன்னிக்க எனக்கு முடிந்தது. தம்பி மெலிவதைப் பார்க்கத் தைரியமில்லாமல்தான் அவர் கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று இப்போது நினைக்கிறேன். மாமாவை அடக்கம் செய்த பிறகும் செவ்வாய்க்கிழமை மெழுகுதிரியை அவர் நிறுத்தவில்லை.

ஆனால் அவர்கள் ஆஸ்பத்திரியால் வந்த அந்தப் பின்னேரம் எனக்கு இதில் ஒன்றும் தெரியாது. அது ஒரு செவ்வாய்க்கிழமை. கும்பிட வந்தவர்கள் போன பிறகு மாமா தனியாக முற்றத்துக்குப் போய், முதல் தடவையாகத் தானே ஒரு மெழுகுதிரி ஏற்றினார். நெருப்புக்குச்சி உரச அவருக்கு நேரமெடுத்தது. அந்தோனியாரைத் தொலைந்த பொருளுக்குத்தான் கும்பிடுவது என்று ஞாயிறு மறைப்பள்ளியில் எங்களுக்குச் சொல்லித் தந்திருந்தார்கள்.

"என்னத்தைத் துலைச்சீங்கள், மாமா?" என்று கேட்டேன்.

"தேடித்தான் பாக்க வேணும், மகள்" என்றார்.

பிறகு உள்ளே வந்து, கிழமைக் கணக்காக விட்டுப்போயிருந்த எங்கள் போட்டிக்கு அவரே என்னைக் கூப்பிட்டார். மேசையில் முழங்கையை ஊன்றினோம். அவர் கண்ணை உருட்டவில்லை, முனகவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு எங்கள் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டிருந்தார். நெற்றியில் வியர்வை அரும்பியது. அவருடைய கை என் கைக்குள் நடுங்கியது. நான் அழுத்தினேன். அது கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்து மேசையில் படுத்தது. அவர் கதிரையோடு சரிந்து விழவில்லை. குசினி வாசலில் அம்மா சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். அப்பா எழும்பி வெளியே போனார்.

இவர்களுக்கெல்லாம் இதில் சிரிக்கத் தெரியவில்லையே என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

"நீங்கள் நடிக்கிறீங்கள் எண்டு எனக்கு எப்பவும் தெரியும், மாமா" என்றேன். "ஆனா இண்டைக்குத்தான் உண்மை மாதிரியே நடிச்சனீங்கள்."

அவர் மற்றக் கையால் என் தலையைத் தடவினார்.

"ஓம் மகள், பழகிட்டன்" என்றார்.

நான் முற்றத்துக்கு ஓடினேன். அன்றைக்குப் பயமே இருக்கவில்லை. மெழுகுதிரிகளுக்கு நடுவே வியர்த்துக்கொண்டிருந்த கல்லுக்குக் கிட்டப் போய்க் குனிந்து, நான் மாமாவை வென்றுவிட்டேன் என்று அதனிடம் சொன்னேன்.