பச்சை அணியின் சைகைகள்

தனுவச்சபுரத்தில் நான் கணக்கு சொல்லிக்கொடுத்த டியூட்டோரியலை மூடிவிட்டார்கள். அடுத்த மாதமே அமரவிளையில் ஒரு டைல்ஸ் கடையின் மாடியில் எனக்கு வேலை கிடைத்தது. அமெரிக்காவில் கல்லூரி மாணவர்கள் விளையாடும் ஃபுட்பால் ஆட்டங்களின் வீடியோவைப் பார்த்து, ஆட்டத்தின் ஒவ்வொரு நகர்வையும் கம்ப்யூட்டரில் பதிவு செய்ய வேண்டும். பத்துக் கல்லூரிகள் சேர்ந்த ஒரு கூட்டமைப்பு அது. ஓணம் சமயத்தில் அவர்கள் சீசன் தொடங்கும்; நம் கடைகளில் கிறிஸ்துமஸ் நட்சத்திரங்கள் தொங்க ஆரம்பிக்கும்போது முடியும். அங்கே சனிக்கிழமை நடக்கிற ஆட்டம் திங்கட்கிழமை காலை எங்கள் மேஜைக்கு வந்துவிடும்.

என் வீட்டுக்காரர் இளவயதில் செவன்ஸ் என்கிற ஏழு பேர் ஃபுட்பால் ஆடியவர். என் ஃபோனில் ஓர் ஆட்டத்தைக் காட்டினேன். இரண்டு நிமிஷம் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"இவன் பந்தைக் கையில பிடிச்சிட்டுல்லா ஓடுதான்? இது என்ன ஃபுட்பாலு? உன்ன யாரோ ஏமாத்துதானுவ, பாத்துக்கோ."

டைல்ஸ் கடையிலும் எங்களைப் பற்றிப் பேச்சு இருந்தது. திரையில் வெளிச்சம் அடிக்கிறது என்று நாங்கள் ஜன்னலை மூடி வைத்திருந்தோம். "ஜன்னலொக்க அடச்சிட்டு நாலு பெண்ணுங்க உள்ள இருக்கினும், என்ன வேலையோ" என்று கடைக்காரர் ஒருவரிடம் சொன்னது படியில் ஏறும்போது என் காதில் விழுந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த வேலையில் ஏதோ சரியில்லை என்று எல்லோருக்கும் முதல் நாளே தோன்றியிருக்கிறது. எனக்குத்தான் கொஞ்சம் தாமதமாகத் தோன்றியது. தோன்றியபோதும் நான் தப்பான ஆளைத்தான் சந்தேகப்பட்டேன்.

ஆட்டம் பழக இரண்டு வாரம் ஆனது. பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு முயற்சி. அதற்குள் பத்து கெஜம் முன்னேற வேண்டும். ஒவ்வொரு முயற்சிக்கும் முன்னால் இரண்டு பக்கமும் வரிசை கட்டி நிற்பார்கள். பந்து பின்னால் கைமாறியதும் மோதிக்கொள்வார்கள். ஒருவன் பந்தோடு ஓடுவான், அல்லது தூர நிற்பவனுக்கு எறிவான். ஓட்டமா எறிதலா, எந்தப் பக்கம், எத்தனை கெஜம் என்று எழுதினால் போதும். கணக்கு டீச்சருக்கு அதில் பெரிய கஷ்டம் ஒன்றுமில்லை.

எனக்கு அடுத்த நாற்காலியில் அதியன்னூரிலிருந்து வரும் சேச்சி. ஐம்பது வயது இருக்கும். நெய்யாற்றின்கரையில் ஒரு துணிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தவர். தமிழில் ஆரம்பித்து மலையாளத்தில் முடிப்பார், சில நேரம் மறுபடி தமிழுக்கு வருவார். என்னை டீச்சரே என்றுதான் கூப்பிடுவார். மற்ற இரண்டு பெண்களும் கல்லூரி முடித்தவர்கள். அவர்கள் மேஜை வாசல் பக்கம். எங்களுக்கு மேலே ஒரு சார். வாரத்தில் மூன்று நாள் காரில் வருவார். இந்த அறையிலிருந்து ஒரு துண்டுக் காகிதம்கூட வெளியே போகக்கூடாது என்பது அவர் சொல்லிவைத்த விதி. உள்ளே வரும்போதே ஃபோனை ஒரு பெட்டியில் போட்டுவிட வேண்டும்.

நான்காவது வாரம் என்று நினைக்கிறேன். சேச்சி தன் திரையைப் பார்த்துக்கொண்டு மெல்ல, "ஓட்டம், வலத்தோட்டு" என்றார். பந்து இன்னும் அசையவில்லை. அசைந்ததும் ஒருவன் பந்தை அணைத்துக்கொண்டு வலப்பக்கம் ஓடினான். "எறியப் போறான்" என்றார். எறிந்தான். பச்சைச் சட்டை அணி ஆடும்போது மட்டும் இப்படிச் சொன்னார். பத்து முறை சொன்னால் எட்டு முறை சரியாக இருந்தது.

"எப்படி சேச்சி தெரியுது?"

"சும்மா ஒரு ஊகம்" என்று சிரித்தார்.

எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. ஊகத்தில் எட்டு சரியாக வராது. இந்த வீடியோவை அவர் ஏற்கெனவே பார்த்திருக்கிறார், எப்படியோ வீட்டுக்குக் கொண்டுபோகிறார் என்று முடிவு செய்தேன். அதன் பிறகு அவரைக் கவனிப்பதே என் வேலையாகிவிட்டது. மதியம் எல்லோரும் கை கழுவப் போகும்போது அவர் கடைசியாகத்தான் எழுந்தார். வியாழக்கிழமை, சோற்றுப் பாத்திரத்துக்குக் கீழே ஒரு சின்ன நோட்டைப் பைக்குள் வைப்பதைப் பார்த்தேன். நீல அட்டை போட்ட நோட்டு.

மறுநாள் சார் வந்தபோது படியிலேயே அவரைப் பார்த்துச் சொல்லிவிட்டேன். என் பெயர் வெளியே வர வேண்டாம் என்றும் சொன்னேன்.

சார் சேச்சியை வரவழைத்து நோட்டை வாங்கினார். திட்டப்போகிறார் என்று காத்திருந்தேன். அவர் நின்றபடியே நான்கைந்து பக்கம் புரட்டினார். அவர் முகத்தில் கோபமே இல்லை. லாட்டரிச் சீட்டில் நம்பர் ஒத்துவரும்போது ஒருவர் முகம் இருப்பதுபோல் இருந்தது. "இது என் கையில இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுக் காரில் போய்விட்டார். திருடியவரைப் பிடித்துக்கொடுத்தால் இவர் ஏன் சந்தோஷப்படுகிறார்?

திங்கட்கிழமை சேச்சிக்கு மட்டும் புது வேலை வந்தது. பச்சை அணியின் ஆட்டங்களில், மைதானத்தின் ஓரத்தில் நின்று கையாட்டுகிற ஆட்களைப் பார்த்து எழுத வேண்டும். அப்போதுதான் சேச்சி எனக்கு விளக்கினார். அடுத்த நகர்வு என்ன என்று பயிற்சியாளர் களத்திலுள்ளவர்களுக்குச் சொல்லும் வழி அது. மூன்று பேர் நின்று சைகை காட்டுவார்கள். ஒருவன் காட்டுவது நிஜம், மற்ற இருவர் எதிரணியைக் குழப்ப நிற்பவர்கள்.

"எனக்க தம்பிக்குப் பிறவியிலயே காது கேக்காது, டீச்சரே. நாப்பத்தாறு வருஷமா வீட்டில கையாலதான் வர்த்தானம். ஆரு உள்ளதச் சொல்லுதான், ஆரு சும்மா கைய ஆட்டுதான்னு பாத்தா தெரிஞ்சிரும். ஒரு ரசத்துக்கு, சும்மா விளையாட்டா எழுதி வெச்சேன். தம்பிக்குக் காட்டினா அவன் சிரிப்பான். வேற ஒண்ணும் இல்ல." பிறகு கேட்டார். "அத ஆரு சாரிட்ட பறஞ்சுகொடுத்தது?"

நான் வாசல் பக்கம் இருந்த இரண்டு பெண்களைப் பார்த்தேன். சேச்சியும் அந்தப் பக்கம் பார்த்தார். அதன் பிறகு அந்தப் பெண்களோடு அவர் பேசுவது குறைந்துவிட்டது.

புது வேலைக்காக வந்த வீடியோக்கள் டிவியில் வந்தவை அல்ல. பார்வையாளர்களோடு உட்கார்ந்து யாரோ ஃபோனில் எடுத்தவை. பந்தை விட்டுவிட்டு, கையாட்டும் மூவரையே காட்டிக்கொண்டிருந்தன. மூன்று வெவ்வேறு ஊர்களில் நடந்த ஆட்டங்கள். சேச்சி ஒரு மதியம் தன் ஹெட்ஃபோனைக் கழற்றி என் காதில் வைத்தார். கூட்டத்தின் இரைச்சலுக்குள் கிட்டத்தில் ஒரு ஆண் இருமினார். இரண்டு தடவை வறட்டு இருமல், பிறகு ஒரு செருமல். அடுத்த வீடியோவைப் போட்டார். அதே இருமல். மூன்றாவதிலும் அதே.

"ஒரே ஆளாக்கும்" என்றார் சேச்சி. "ஊர் ஊரா பச்சைக்குப் பின்னால நடக்குதான்."

அன்று சாயங்காலம் வீட்டில் அந்தக் கூட்டமைப்பின் விதிகளைத் தேடிப் படித்தேன். எதிரணி ஆடும் மைதானத்துக்கு முன்கூட்டியே ஆள் அனுப்பி வேவு பார்ப்பது குற்றம் என்று தெளிவாக இருந்தது. மறுநாள் சாரிடம் கேட்டேன். இந்த வீடியோவெல்லாம் எங்கேயிருந்து வருகிறது?

"அது கிளையண்டுக்க காரியம். டீச்சர் எழுதுங்க, போதும்."

பிறகு சீசனின் எட்டாவது வாரம் வந்தது. பச்சை அணிக்கும் நீல அணிக்கும் ஆட்டம். அது என் திரைக்கு வந்தது. முதல் பத்து நிமிஷத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. பச்சை ஆட்கள் கையாட்டி முடித்ததும் நீல அணியின் ஓரத்தில் ஒருவர் கையிலிருந்த தாளைப் பார்ப்பார், உடனே கத்துவார். களத்திலுள்ள நீலச் சட்டைகள் இடம் மாறும். பச்சை வலப்பக்கம் ஓடினால் அங்கே நான்கு பேர் காத்திருந்தார்கள். எறியப்போனால் எறிபவன் மேல் ஆட்கள் வந்து விழுந்தார்கள். எறிபவன், ஒன்பதாம் நம்பர் சட்டை போட்ட ஒரு பையன், ஒவ்வொரு தடவையும் எழுந்து புல்லைத் தட்டிவிட்டுப் போனான். மூன்றாம் கால்பகுதியில், அவன் பார்க்காத பக்கத்திலிருந்து ஒருவன் முழு வேகத்தில் வந்து மோதினான். அவன் எழவில்லை. காமிரா கிட்டப் போனது. தோளுக்குக் கீழே கை வேறு யாருடையதோபோல் கிடந்தது.

'ஆட்டம் நிறுத்தம், காயம்' என்று எழுத ஒரு கட்டம் உண்டு. என் விரல் அந்தக் கட்டத்துக்குப் போகவில்லை. சேச்சி எழுந்து என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

"அந்தத் தாளில உள்ளது நாம எழுதிக் குடுத்ததாக்கும்" என்றார்.

அன்று பஸ் ஸ்டாப்பில் சொல்லிவிட்டேன். அவருக்கு நெய்யாற்றின்கரைப் பக்கம் பஸ், எனக்குப் பாறசாலைப் பக்கம். ரோட்டைக் கடந்து அவர் நின்ற இடத்துக்குப் போனேன்.

"சேச்சி, நோட்டு விஷயம் சாரிட்ட சொன்னது நான்தான். அந்தப் பிள்ளைங்க இல்ல."

அவர் என்னைப் பார்க்கவில்லை. பஸ் வரும் திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான் களவாணின்னு நெனச்சியா?" என்று கேட்டார். அதுவரை என்னை நீ என்று சொன்னதில்லை.

"நெனச்சேன்."

"என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்."

"கேட்டிருக்கலாம்." பிறகு, "நான் அவங்களுக்கு லெட்டர் எழுதப் போறேன், அந்தக் கூட்டமைப்புக்கு" என்றேன். பஸ் வந்தது, அவர் ஏறிப் போய்விட்டார்.

எழுதினேன். புதிதாக ஒரு மின்னஞ்சல் கணக்குத் திறந்து, பெயர் போடாமல், மூன்று ஊர்களையும் இருமலையும் தாள் பார்த்துக் கத்தியவரையும் பற்றி எழுதி, புகார்களுக்கென்று அவர்கள் கொடுத்திருந்த முகவரிக்கு அனுப்பினேன். பதில் வரவில்லை. ஒன்பது நாள் கழித்து சார் வந்தார். வழக்கமாக வராத புதன்கிழமை. கதவைச் சாத்தினார்.

"இங்க இருந்து ஆரோ ஒரு மெயில் அனுப்பியிருக்கு. எனக்கு ஆளத் தெரியணும்."

நான் அனுப்பியது கூட்டமைப்பின் அலுவலகத்துக்கு. அது எப்படி இந்த மாடிக்கு வந்தது? திருட்டைப் பற்றி எழுதிய கடிதத்தைத் திருடியவர்கள் கையிலேயே யாரோ கொடுத்திருக்கிறார்கள். அதைவிடப் பெரிய பயம் எனக்கு இரண்டடி தள்ளி உட்கார்ந்திருந்தது. விஷயம் தெரிந்த ஒரே ஆள் சேச்சி. நான் அவருக்குச் செய்ததை அவர் எனக்குச் செய்ய ஒரு வாக்கியம் போதும்.

வாசல் பக்கத்துப் பெண்கள் தெரியாது என்றார்கள். நானும் தெரியாது என்றேன். என் குரல் எனக்கே பொய்யாகக் கேட்டது. சார் சேச்சியின் பக்கம் திரும்பினார்.

"எங்ககிட்ட எதுக்கு சாரே கேக்கிய?" என்றார் சேச்சி. "அங்க உக்காந்து இருமுதவன்கிட்ட கேளுங்க."

"எந்த இருமல்?"

"மூணு ஊர்லயும் இருமினான் இல்லியா, அவன். சாருக்குத் தெரியாதா? இனி அந்தக் கைவேலைய நான் எழுத மாட்டேன். வேற தந்தா செய்வேன்."

சார் எங்கள் நான்கு பேரையும் ஒருமுறை பார்த்தார். எங்களில் யாரையும் இனி நம்ப முடியாது என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். கதவைத் திறந்துபோட்டுவிட்டு இறங்கிப் போனார்.

இருமல் வீடியோக்கள் அதோடு நின்றன. மீதி சீசனைப் பழையபடி எழுதினோம். நீல அணி கூட்டமைப்பில் முதலிடம் பிடித்துக் கோப்பையைத் தூக்கியது. அந்த ஆட்டத்தையும் நான்தான் எழுதினேன். அவர்கள் நேர்மையாக, நன்றாக ஆடித்தான் ஜெயித்தார்களா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஒவ்வொரு நகர்விலும் அந்தத் தாள் வைத்திருந்தவரையே தேடிக்கொண்டிருந்தேன். விசாரணை நடந்ததாக எங்கும் படிக்கவில்லை. ஒன்பதாம் நம்பர் பையன், கையைக் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டபடி, பச்சை அணியின் கடைசி ஆட்டத்தில் ஓரத்தில் நின்று தன் அணிக்குக் கைதட்ட முயன்றான். ஒற்றைக் கையால் தொடையில் தட்டினான்.

டிசம்பரில் அறையை மூடினார்கள். கிளையண்ட் வேண்டாம் என்று சொல்லிவிட்டதாகச் சார் சொன்னார். அதுவரை சேச்சி என்னோடு மரியாதையாகப் பேசினார், பழையபடி டீச்சரே என்றும் கூப்பிட்டார். ஆனால் பையை எப்போதும் மடியிலேயே வைத்துக்கொண்டார். மேஜைக்கடியில் வைத்து நான் மறுபடி பார்க்கவேயில்லை. அது ஏன் என்று கேட்க எனக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை.

போன மாதம் சார் ஃபோன் செய்தார். புதுச் சீசன், வேறொரு கூட்டமைப்பு, டீச்சர் வருகிறீர்களா என்று கேட்டார். வீடியோவை யார் எடுக்கிறார்கள் என்று கேட்டேன். நாளைக்குக் கூப்பிடுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டார். நான் சேச்சிக்கு ஃபோன் போட்டு விஷயத்தைச் சொன்னேன்.

"போகப் போறியளா?" என்று கேட்டார்.

"இல்ல சேச்சி."

"உள்ளதா?"

"உள்ளதுதான்."

"சரி" என்றார். நம்பினாரா என்று அந்தக் குரலிலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை.