மாமா தண்ணீர் மாறிய காடு

அன்று போனவர்கள் ஐந்து பேர். எங்கள் பக்கத்தில் அம்மா, அம்மாவின் தம்பியான மாமா, ஒன்பது வயதில் நான். பெண் பக்கத்தில் பெண்ணும் அவருடைய பெரியம்மாவும். வராதவர் அப்பா. ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைமை விட்டுவிட்டு மச்சானுக்குப் பெண் பார்க்கப் போகும் அளவுக்கு அவரிடம் நம்பிக்கை மிச்சமிருக்கவில்லை. ஏற்கெனவே மூன்று இடம் பேசிக் குழம்பியிருந்தது. மாமாவின் தலையில் முன்பக்கம் முடி கொட்டி வெளிக்கத் தொடங்கியிருந்தது.

மூன்றும் குழம்பியதற்கு அம்மா கண்டுபிடித்த காரணம் ஒன்றுதான். மாமா ஊரில் வெங்காயத் தோட்டம் செய்தவர், அதை மறைக்கத் தெரியாதவர். என்ன வேலை தம்பி என்று யாராவது கேட்டால், பாண் சுடுகிற பக்டரியில் மெசின் பார்ப்பதை அரை வசனத்தில் முடித்துவிட்டு, வெங்காயத்துக்கு எப்போது இறைக்க வேண்டும், எப்போது இறைக்கக் கூடாது என்று தொடங்கிவிடுவார். தொண்ணூறுகளின் நடுவில் டொரொன்டோவில் மாப்பிள்ளை தேடியவர்களுக்கு அந்த அறிவு தேவைப்படவில்லை. ஆகவே மோர்னிங்சைட்டில் பஸ் ஏறும்போதே அம்மா சொல்லிவிட்டார்.

"தம்பி, தோட்டம், கிணறு, வெங்காயம் ஒண்டும் வாயிலை வரப்படாது. இதுவும் குழம்பிச்சுதெண்டால் நான் இனி உனக்குப் பாக்கமாட்டன்."

"ஓம் அக்கா," என்றார் மாமா, பிடிபட்ட பிள்ளை மாதிரி.

இந்த முறை வீட்டுக்குப் போய்ப் பார்க்கும் முறை இல்லை. பலகாரத் தட்டை நடுவில் வைத்துக்கொண்டு ஆளையாள் பார்ப்பதைவிட நடந்துகொண்டு கதைக்கலாம் என்று பெண்ணே சொல்லி அனுப்பியிருந்தார். இடமும் அவருடைய தெரிவுதான்: ஸ்காபரோவின் கிழக்கு ஓரத்தில், ஆற்றை ஒட்டிய காடு. நடப்பதென்றால் கோயில் வீதியைச் சுற்றுவது போல இருக்கும் என்று அம்மா நினைத்துக்கொண்டார். பச்சைச் சேலை, சுடுதண்ணீர்ப் போத்தலில் தேத்தண்ணீர், ஒரு பை வடை. பெண்ணின் பெரியம்மாவோ கொழும்பில் கனகாலம் இருந்தவர் என்று கேள்வி. அவரும் சேலைதான், ஆனால் கறுப்புக் கண்ணாடியும் கைப்பையுமாக மல்வேர்னிலிருந்து காரில் வந்து இறங்கி, மரங்களைக்கூடச் சந்தேகத்தோடு பார்த்தார்.

காட்டின் வாசலில் ஒரு பலகை நின்றது. எங்கள் பக்கத்தில் ஆங்கிலம் வாசிக்கக்கூடியவன் நான் என்பதால் என்னை முன்னுக்குத் தள்ளினார்கள். பிற்காலத்தில் எங்கள் குடும்பத்திலிருந்து பட்டம் படிக்கக் கம்பஸுக்குப் போன முதல் ஆளும் நான்தான். ஆனாலும் அன்று அந்தப் பலகையைத் தமிழில் சொன்னபோது வந்த பெருமை பிறகு ஒருநாளும் வந்ததில்லை. முந்திய காலத்துக் கமக்காரர்கள் ஆற்றிலிருந்து வெட்டிய வாய்க்கால் இது. கீழேயிருந்த மரக்கறித் தோட்டங்களுக்கு இதால்தான் தண்ணீர் போனது. ஆற்றுக்கும் வாய்க்காலுக்கும் நடுவில் அகப்பட்டு இந்தக் காடு ஒரு தீவாகிவிட்டது. மரங்கள் கோடரி படாதவை. தோட்டம் என்று நான் சொன்ன இடத்தில் அம்மா என் தோளைக் கிள்ளினார். மாமா வானத்தைப் பார்த்தார்.

பலகைப் பாலத்தால் தீவுக்குள் போய், வாய்க்கால் கரையோடு நடந்தோம். பக்கத்தில் தண்ணீர் சத்தமில்லாமல் கூடவே வந்தது. பெரிய மரங்களின் வேர்கள் பாதையின் குறுக்கே படுத்திருந்தன. பெண் மாமாவிடம் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு வந்தார். மாமா எல்லாவற்றுக்கும் ஓம் என்றார், அல்லது இல்லை என்றார். அவர் கண் படுகிற இடமெல்லாம் மண்ணும் தண்ணீருமாக இருந்ததால், வாயைத் திறந்தால் எது வெளியே வரும் என்று அவருக்கே பயம். கேள்விகள் குறைந்து, பிறகு நின்றும்விட்டன. பெண் கொஞ்சம் முன்னால் நடக்கத் தொடங்கினார். அம்மாவின் முகம் வாடிவிட்டது.

அப்போதுதான் வாய்க்கால் கரை உடைந்திருந்த இடம் வந்தது. பாதித் தண்ணீர் அதால் பாய்ந்து காட்டுக்குள் போய்க்கொண்டிருந்தது. மாமா அதைக் கடந்து போனார். நின்றார். திரும்பி வந்தார்.

"அக்கா, தண்ணி வீணாப் போகுது."

"விடு தம்பி. அது கனடாத் தண்ணி, எங்கையெண்டாலும் போகட்டும்."

மாமாவால் விட முடியவில்லை. ஊரில் கிணற்றிலிருந்து இறைக்கும் தண்ணீரை ஒரு பாத்தி நிறைந்ததும் மண்ணால் அடைத்து, அடுத்த பாத்திக்குத் திருப்பிவிடுவார்கள். தண்ணீர் மாறுவது என்று அதற்குப் பெயர். வாய்க்கால் உடைத்துக்கொண்டு போவதைப் பார்த்துக்கொண்டு நிற்பவனை அங்கே யாரும் மனிசனாக மதிப்பதில்லை. அப்பாவிடம் இரவல் வாங்கிய சப்பாத்தைப் பத்திரமாகக் கழற்றிக் கரையில் வைத்துவிட்டு, காற்சட்டையை மடித்துக்கொண்டு மாமா இறங்கினார். இரண்டு கையாலும் சேற்றை அள்ளி அடைத்தார். அது கரைந்து போனது. மறுபடியும் அடைத்தார், மறுபடியும் போனது. அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

பெரியம்மா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார்.

"உமக்கு ஆர் தம்பி தோட்டம் செய்யப் பழக்கினது? வெறும் சேத்தை அள்ளிப் போட்டால் நிக்குமே? முதல் அடியிலை கல்லை வையும். பிறகு புல்லுக்கட்டி. இதையும் நான் வந்தே சொல்லவேணும்?"

கைப்பையை என்னிடம் தந்துவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவரும் இறங்கினார். விழுந்து கிடந்த மரமொன்றில் உட்கார்ந்து பெண் சிரித்தார். சிரிப்பு அடங்கத்தான் பேசவே முடிந்தது.

"பெரியம்மா கொழும்புக்குப் போகமுன்னம் புகையிலைக்குத் தண்ணி மாறினவ, அன்ரி," என்று அம்மாவிடம் சொன்னார். "அதை உங்களுக்குச் சொல்லக்கூடாதெண்டு காரிலை வரேக்கை என்னட்டைச் சத்தியம் வாங்கினவ."

கல்லும் புல்லுமாக உடைப்பு அடைபட்டது. தண்ணீர் சொன்ன சொல் கேட்டு வாய்க்காலுக்குள் திரும்பியது. திரும்பியது மட்டுமல்ல, உயர்ந்து வந்து கரையிலிருந்த சப்பாத்தில் ஒன்றையும் கிளப்பிக்கொண்டு போனது. மாமா வெறுங்காலோடு துரத்தினார். பெண்ணும் எழுந்து பின்னால் ஓடினார். சப்பாத்து ஒரு சின்ன வள்ளம் போல வளைவில் திரும்பி மறைய, அவர்கள் இருவரும் மறைந்தார்கள்.

அம்மாவும் பெரியம்மாவும் கரையில் இருந்து வடை தின்றார்கள். புகையிலைக் கதையில் தொடங்கி அவர்கள் எங்கெங்கோ போனார்கள். நான் இரண்டு தடவை எழுந்து, போய்ப் பார்க்கட்டுமா என்று கேட்டேன். இரண்டு தடவையும் இருவரும் ஒரே குரலில் வேண்டாம் என்றார்கள். தேத்தண்ணீர் ஆறிப்போன பிறகுதான் மாமாவும் பெண்ணும் திரும்பி வந்தார்கள். சப்பாத்து கிடைக்கவில்லை. மாமா விடாமல் கதைத்துக்கொண்டு வந்தார், வெங்காயத்தைப் பற்றி. கார் நின்ற இடம் வரை பெரியம்மா அவருடைய அடைப்பில் இருந்த பிழைகளை எடுத்துச் சொல்லிக்கொண்டே நடந்தார்.

பஸ்ஸில் நான் அம்மாவிடம், இதுவும் குழம்பிவிட்டதுதானே என்று கேட்டேன். எனக்கு அதில் சந்தேகமே இல்லை. பெரியம்மா அவ்வளவு ஏசியிருந்தார், பெண் அவ்வளவு நேரம் தேடியும் ஒரு சப்பாத்தைப் பிடிக்க முடியவில்லை. அம்மா என் தலையைத் தடவிவிட்டு யன்னலால் பார்த்துச் சிரித்தார். பிறத்தியாரை யாரும் அப்படி ஏசமாட்டார்கள் என்பதோ, ஓடுகிற தண்ணீரில் போன சப்பாத்துக்காக அவ்வளவு நேரம் தேடமாட்டார்கள் என்பதோ எனக்குத் தெரியவில்லை. பாவம் மாமா என்று நினைத்துக்கொண்டு, மிச்சமிருந்த வடையை அவருக்குக் கொடுத்தேன்.

அந்தக் காட்டுக்குள் போக யாரும் எங்களிடம் ஒரு சதமும் கேட்கவில்லை. ஆனால் மண்டபம், சாப்பாடு, ஐயர், வீடியோக்காரர் என்று ஆவணி மாதம் எல்லாவற்றையும் அப்பா கூட்டிப் பார்த்தபோது, அந்த நடை எங்களுக்குப் பதினோராயிரத்து முந்நூறு டொலரில் வந்து முடிந்திருந்தது.