மிதிக்காத கால்

திருவொற்றியூரில் மெக்கானிக் கடை வைத்திருந்த அந்த மனிதரின் பெயரை நான் கேட்டுக்கொள்ளவில்லை. ஒல்லியான உடம்பு, நரைத்த புருவம். எந்தக் காரைத் தொடும் முன்பும் செருப்பைக் கழற்றி ஓரமாக வைப்பார்.

எங்கள் பழைய கார் டோல்கேட் பக்கம் தானாகப் பாய்ந்து ஒரு சுவரில் மோதியது. "நான் மிதிக்கவே இல்ல" என்று என் வீட்டுக்காரர் சொன்னதை யாரும் நம்பவில்லை. வயதாகிவிட்டது, கால் தடுமாறியிருக்கும் என்று மகன் சாவியை வாங்கி வைத்துக்கொண்டான். நானும் மனசுக்குள் அப்படித்தான் நினைத்தேன்.

மூவருமாகக் காரை அவர் கடைக்குக் கொண்டுபோனோம். மெக்கானிக் இன்ஜினை ஓடவிட்டு, "யம்மா, குனிஞ்சி ஆக்சிலேட்டர் மேல கைய வை. அமுக்காத" என்றார். ஆண்கள் நிற்கும் இடத்தில் கூச்சமாக இருந்தது. வைத்தேன்.

அவர் ஒரு வயரை லேசாக அசைத்தார். இன்ஜின் அலறியது. என் கைக்கு அடியில் பெடல் அசையவே இல்லை. கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டேன்.

"யாருப்பா மிதிக்கிறது?" என்றேன்.

"யாருமில்ல. கடல் காத்துல பெடல் சென்சார் வயர்ல உப்பு பூத்துகீது. மிதிக்கிறாங்கன்னு அது பொய் சொல்லுது, இன்ஜினும் நம்பிடுது." பிறகு என் வீட்டுக்காரரிடம் திரும்பினார். "இன்னா நைனா, நீதான் மிதிச்சன்னு நீயே நம்பிட்ட போலகீது?"

வீட்டுக்காரர் தன் வலது காலையே பார்த்துக்கொண்டு நின்றார். மகன் சாவியை அவர் கையில் வைத்தான்.

கிளம்பும்போது மெக்கானிக்கிடம் கேட்டேன், "செருப்ப ஏன்பா கழட்டுற?"

"வண்டிக்குள்ள யாரு கீறாங்களோ, நமக்கு இன்னா தெரியும்" என்றார்.

உப்புதான் என்று சொன்னவரும் அவரேதான். இதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை.