திருப்பிப் போட்ட பேட்டரி

அம்மாவிடம் நான் வாங்கிய அடிகளில் பெரும்பாலானவை நியாயமானவைதான். ஒன்றே ஒன்று மட்டும் துளியும் நியாயமில்லாதது. அது ஒரு டார்ச் லைட்டுக்காக விழுந்தது.

மலாயாவில் வெள்ளைக்காரன் கம்யூனிஸ்டுகளோடு சண்டை போட்ட அவசரகாலம். கோல சிலாங்கூருக்கு வடக்கே எங்கள் ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களைச் சுற்றி முள்வேலி போட்டிருந்தார்கள். காட்டில் ஒளிந்திருப்பவர்களுக்குப் போய்விடும் என்று வீட்டில் அரிசி இருக்கக் கூடாது. பொதுச் சமையலறையில் ஆக்கிய சோற்றைத்தான் வாங்கித் தின்ன வேண்டும். அம்மாவின் தம்பி, சின்ன மாமா, எங்களோடு இருந்தார். அவரை வேலிக் காவலுக்குச் சேர்த்திருந்தார்கள். அம்மாவின் அண்ணன், பெரிய மாமா, சிங்கப்பூரில் வேலை செய்வதாக என்னிடம் சொல்லியிருந்தார்கள். உண்மையில் அவர் கம்யூனிஸ்டுகளோடு சேர்ந்து காட்டுக்குப் போயிருந்தார். அது தெரியாமல், யாராவது கேட்டால் நான் கப்பல், துறைமுகம் என்று அளந்துவிடுவேன்.

சின்ன மாமாவுக்குக் காவலுக்கென்று கொடுத்திருந்த டார்ச் லைட்டை மாலையில் பிரித்துப் பூட்டுவது என் வேலை. வேலை என்றால், யாரும் சொல்லாமல் நானே எடுத்துக்கொண்ட வேலை. தோட்டப் பள்ளியில் வாத்தியார் அப்போதுதான் மின்சாரப் பாடம் நடத்தியிருந்தார். பேட்டரியின் பித்தளைக் குமிழ் நேர்முனை, தட்டையான அடி எதிர்முனை. ஒன்றின் குமிழ் அடுத்ததின் அடியைத் தொட வேண்டும். ஒன்றைத் திருப்பிப் போட்டால் இரண்டும் ஒன்றையொன்று தடுத்துக்கொள்ளும், பல்பு எரியாது. அதுவரை எதிர் என்றாலே கெட்டது என்று நினைத்திருந்தேன். காட்டில் இருப்பவர்களை எதிரி என்றுதானே சொன்னார்கள்?

"அது சும்மா பேருதான். எதிர்முனை இல்லாட்டி மின்சாரமே ஓடாது" என்றார் வாத்தியார்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. லயத்துப் பிள்ளைகளைக் கூட்டிவைத்து நானும் அதே பாடத்தை நடத்தினேன். சின்ன மாமாகூட வாசலில் உட்கார்ந்து கவனமாகக் கேட்டார்.

ஒருநாள் காலை அவர் காவல் முடிந்து வந்தபோது பின்னாலேயே மலாய்க்கார சார்ஜன் வந்தார். கையில் அந்த டார்ச் லைட். ராத்திரி அது எரியவே இல்லை என்று கூட நின்ற காவல்காரர் சொல்லிவிட்டாராம். முதல் நாள்தான் புதுப் பேட்டரி கொடுத்திருந்தார்கள். புதியதைக் காட்டுக்குக் கொடுத்துவிட்டுச் செத்ததைப் போட்டிருப்பான் என்று சார்ஜனுக்குச் சந்தேகம். பக்கத்து லயத்தில் அப்படி ஒரு சந்தேகத்தில் லோரியில் ஏற்றிப்போன ஆள் இன்னும் திரும்பியிருக்கவில்லை.

சார்ஜன் மூடியைத் திருகிப் பேட்டரிகளை வெளியே எடுத்தார். இரண்டும் புதியவைதான். ஒன்று தலைகீழாகக் கிடந்தது. அதைத் திருப்பிப் போட்டு அமுக்கினார், பளிச்சென்று எரிந்தது. இதை மாற்றிப் போட்டது யார் என்று மலாயில் கேட்டார்.

அம்மா என் தலைமயிரைப் பிடித்து முன்னால் இழுத்தார். "இவதான் சார்ஜன்! எந்நேரமும் அதக் கழட்டிக்கிட்டே கெடப்பா, சனியன்!"

"இல்லம்மா, நான் ஒழுங்காத்தான் போட்டேன்!"

கன்னத்தில் ஓர் அறை விழுந்தது. "குமிழு முன்னாலதான் இருந்துச்சும்மா! வேணும்னா வாத்தியாரக் கேளு!" என்று கத்தினேன். இன்னொன்று விழுந்தது. நான் வாயைத் திறக்கத் திறக்க அடி விழுந்துகொண்டே இருந்தது. கடைசியில் சார்ஜனுக்கே பொறுக்கவில்லை. "சுடா லா, சுடா" என்று, போதும் போதும் எனக் கையசைத்தார். டார்ச் லைட்டை மாமாவிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. மாமா வாங்கி வந்த பிஸ்கட்டை அவர் மேலேயே எறிந்தேன். மூன்று நாள் யாரோடும் பேசவில்லை.

விஷயம் தெரிந்தபோது எனக்குக் கல்யாணமே ஆகிவிட்டது. சின்ன மாமா காவல் நிற்கும் இரவுகளில் அம்மா தன் பங்குச் சோற்றை இலையில் கட்டி வேலிக்கு அந்தப் பக்கம் வீசுவாராம். பெரிய மாமா வந்து எடுத்துக்கொள்வாராம். கூட நிற்பவர் லைட்டை அடி என்றால் சின்ன மாமா அமுக்கத்தான் வேண்டும். ஆனால் வெளிச்சம் வரக் கூடாது. அன்று காலை, தான் தலைகீழாகப் போட்ட பேட்டரியை மறுபடி நேராகப் போட அவருக்கு நேரம் கிடைக்கவில்லை.

நான் ஒழுங்காகத்தான் போட்டேன் என்பது எனக்குத் தெரியும். அடித்துக்கொண்டிருந்த அம்மாவுக்கும் அது தெரியும் என்பதுதான் அன்று எனக்குத் தெரியவில்லை.